வளர்ச்சி நின்றுபோனால் எது உடையும்? நாலு வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தால்

பொருளாதார வளர்ச்சி வேண்டுமா, சுற்றுச்சூழலும் மக்களின் நல்வாழ்வும் வேண்டுமா என்று யாரைக் கேட்டாலும் ரெண்டும் வேண்டும் என்பார்கள். சரிதான், யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் ஒரு நகராட்சியின் பட்ஜெட்டையோ ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கையையோ எழுத உட்கார்ந்துவிட்டால் அந்தப் பதில் உதவாது. பணம் முதலில் எதற்குப் போகும், எதை விட்டுக்கொடுக்கலாம், ஐந்து வருஷம் கழித்து எந்த எண்ணைக் காட்டி ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்வோம், இதையெல்லாம் எழுதியாக வேண்டும்.

இது பற்றிப் பேசப்படும் யோசனைகளை வடிகட்டினால் நாலு வழிகள் மிஞ்சுகின்றன. முதலில் வளர்ந்துகொள்வோம், கெட்டுப்போனதைப் பிறகு சரிசெய்வோம் என்பது ஒன்று. வளர்ச்சியையே சுத்தமானதாக மாற்றிவிடுவோம் என்கிற பசுமை வளர்ச்சி இன்னொன்று. பணக்கார நாடுகளாவது உற்பத்தியையும் நுகர்வையும் திட்டமிட்டுச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்கிற வளர்ச்சிக் குறைப்பு மூன்றாவது. நாலாவது வழிக்காரர்கள் வளர்ச்சி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்கிறார்கள்; மக்களின் நல்வாழ்வையும் இயற்கை தாங்கும் அளவையும் நேரடியாகவே இலக்காக வைக்கச் சொல்கிறார்கள்.

இவற்றை நான் மூன்று கேள்விகளை வைத்து எடைபோடுகிறேன். இயற்கையின் மேல் விழும் சுமை மொத்தத்தில் குறைகிறதா? முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? வளர்ச்சி ஒரு ஐந்து வருஷம் பூஜ்யத்திலேயே நின்றுவிட்டால் அந்த ஏற்பாட்டில் எது உடையும்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் வளர்ச்சி நிற்பதற்கு நம் அனுமதியைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஒரு தொற்றுநோய், ஒரு வங்கி நெருக்கடி, எங்கோ நடக்கும் ஒரு போர் போதும்.

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. மருத்துவமனையும் மின்சாரமும் இல்லாத இடத்தில் வருமானம் உயர்வது உயிரைக் காப்பாற்றுகிறது, அசுத்தமான பல விஷயங்களை வசதி வந்தபிறகு சுத்தப்படுத்தவும் முடிந்திருக்கிறது. 1950-களில் லண்டன் பக்கம் மீன் பிழைக்க முடியாத சாக்கடையாகக் கிடந்த தேம்ஸ் நதியில் இன்று மீன்கள் இருக்கின்றன. ஆனால் எல்லாம் தேம்ஸ் இல்லை. பசிபிக்கில் நவூரு என்று ஒரு தீவு நாடு, மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர். அங்கே மண்ணுக்கடியில் உயர்தரமான பாஸ்பேட் இருந்தது, அதை வெட்டி உரத்துக்காக ஏற்றுமதி செய்தார்கள். அதுவும் பெரும்பகுதிக் காலம் அந்நிய ஆட்சியில். 1968-ல் விடுதலை கிடைத்தபிறகு பணம் அவர்கள் கைக்கே வந்தது, 1970-களில் தலைக்கு வருமானத்தில் உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றாக இருந்தார்கள். பாஸ்பேட் தீர்ந்தபோது தீவின் உட்பகுதி முழுக்கக் கூர்கூராக நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள்தான் மிச்சம். ஒன்றும் விளையாது, வீடு கட்ட முடியாது, ஜனங்கள் கடலோரத்தில் ஒரு குறுகிய வளையத்தில் வாழ்கிறார்கள். சேமித்து வைத்த பணமும் மோசமான முதலீடுகளில் கரைந்தது, லண்டனில் ஓடாத ஒரு இசை நாடகம் உட்பட. கடைசியில் வேறொரு நாட்டுக்காக அகதிகளை அடைத்துவைக்கும் முகாம் நடத்தி வருமானம் தேட வேண்டியதாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஊழலையோ முட்டாள்தனத்தையோ மட்டும் இல்லை. காலடி மண்ணை விற்ற ஒவ்வொரு வருஷமும் அது தேசியக் கணக்கில் வருமானமாகவே ஏறியது. ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி, அப்படித்தான் கணக்கு வைக்கும். சொத்தை விற்றுச் சாப்பிடுவதையும் சம்பாதித்துச் சாப்பிடுவதையும் அது பிரித்துப் பார்க்காது. தேசிய வருமானத்தை அளக்கும் முறையை அமெரிக்காவுக்கு வகுத்துக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், 1934-லேயே, இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டின் நலனை முடிவு கட்ட முடியாது என்று அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். (நார்வே எண்ணெய்ப் பணத்துக்கு 1990-ல் சட்டம் போட்டு ஒரு நிதியம் வைத்து நவூருவின் கதிக்கு ஆளாகாமல் தப்பித்தது உண்மைதான். ஆனால் தன் வீட்டில் மின்சாரக் கார் ஓட்டிக்கொண்டு எண்ணெயை வெளியே விற்பதை முன்மாதிரி என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.)

அடுத்தது பசுமை வளர்ச்சி. அரசாங்கங்களுக்கும் வங்கிகளுக்கும் ரொம்பப் பிடித்த வழி இது, யாரிடமும் எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லாததால். கிண்டல் செய்வதற்காகச் சொல்லவில்லை, இதற்குச் சாட்சி இருக்கிறது. பிரிட்டன் தன் எல்லைக்குள் வெளியிடும், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்கள் 1990-ல் இருந்ததில் ஏறத்தாழ பாதியாகிவிட்டன, அதே காலத்தில் பொருளாதாரம் பெரிதாக வளர்ந்திருக்கிறது. நிலக்கரியை வைத்தே தொழிற்புரட்சியைத் தொடங்கிய நாடு, 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. தொழிற்சாலைகளை வெளிநாட்டுக்குத் தள்ளிவிட்டுக் காட்டும் கணக்கு இது என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் இறக்குமதிப் பொருட்களைச் செய்யும்போது வெளியான வாயுக்களைச் சேர்த்தாலும் குறைவு இருக்கத்தான் செய்கிறது, அளவுதான் சின்னது.

பிரச்சினை இந்த வாயுக்களைத் தாண்டி வரும்போதுதான். நிலக்கரிக்குப் பதில் சூரியனும் காற்றும் உண்டு. மேல்மண்ணுக்கு, நிலத்தடி நீருக்கு, மீன்வளத்துக்கு, ஒரு காட்டுக்குப் பதில் என்ன? உலகம் முழுக்க வெட்டியும் தோண்டியும் அறுத்தும் எடுக்கும் பொருட்களின் எடை 1970-ல் வருஷத்துக்குச் சுமார் 3,000 கோடி டன். இப்போது 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. இதற்கிடையில் இயந்திரங்கள் எல்லாம் திறமையாகிக்கொண்டுதான் வந்தன. 1865-லேயே பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ் பிரிட்டனின் நிலக்கரி விஷயத்தில் இதைச் சொல்லிவிட்டார்: நீராவி எந்திரம் குறைந்த நிலக்கரியில் ஓட ஆரம்பித்ததும் எந்திரத்தை எல்லா இடத்திலும் வைக்கக் கட்டுப்படியானது, அதனால் மொத்த நிலக்கரிச் செலவு கூடியது. திறமை மிச்சப்படுத்தியதை அளவு தின்றுவிட்டது.

கணக்காகவே பார்க்கலாம். வருஷம் 3 சதவீதம் வளர்ந்தால் சுமார் 24 வருஷத்தில் பொருளாதாரம் இரட்டிப்பாகும். அந்த 24 வருஷத்தில் இயற்கையின் மேல் விழும் சுமையைப் பாதியாக்க வேண்டுமானால், ஒவ்வொரு யூனிட் உற்பத்தியும் சுமத்தும் பாரம் காலாகக் குறைய வேண்டும். அடுத்த 24 வருஷத்தில் மறுபடியும் இரட்டிப்பாகும்போது, வெறும் அந்தப் பாதியைத் தக்கவைத்துக்கொள்ளவே, அந்தக் கால் அரைக்காலாக வேண்டும். மின்சாரத்தில் இது நடக்கலாம். சிமெண்டில், சாப்பாட்டில், தண்ணீரில் எப்படி நடக்கும் என்று இதுவரை யாரும் செய்து காட்டவில்லை. அப்புறம் என் முக்கியக் கேள்வி: வளர்ச்சி நின்றால்? பசுமை வளர்ச்சியில் எல்லாமே உடையும். காற்றாலைக்கு வாங்கிய கடன், ஓய்வூதிய நிதியம், வேலைவாய்ப்பு எல்லாம் நாளை இன்றைவிடப் பெரிதாக இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன, பழைய பொருளாதாரத்தில் நிற்பதைப் போலவே. அதற்காக இதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நாலில் எந்த வழியில் போனாலும் சூரிய மின்சாரமும் நல்ல பொதுப் போக்குவரத்தும் தேவைதான். தனியாக ஒரு முழு விடையாக மட்டும் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வளர்ச்சிக் குறைப்பு என்றதும் எதிர்ப்பவர்கள் உடனே கிரேக்கத்தைக் காட்டுவார்கள். 2008-க்கும் 2013-க்கும் நடுவே அந்த நாட்டுப் பொருளாதாரம் ஏறத்தாழ கால்பங்கு சுருங்கியது, வேலையின்மை 27 சதவீதத்தைத் தொட்டது, வேலை தேடிய இளைஞர்களில் பாதிப்பேருக்கு மேல் வேலை கிடைக்கவில்லை. இயற்கைக்காவது லாபமா என்றால் அதுவும் முழுசாக இல்லை. 2012 குளிர்காலத்தில் வீடு சூடாக்கும் எண்ணெய்க்கு வரியை ஏற்றினார்கள், காசில்லாதவர்கள் கிடைத்த மரத்தையெல்லாம் எரித்தார்கள், பழைய மேசை நாற்காலி உட்பட. ஏதென்ஸ் நகரத்தின் மேல் ராத்திரிகளில் புகை கவிந்தது. இது திட்டமிட்ட குறைப்பு இல்லை, வெறும் விபத்து என்று வளர்ச்சிக் குறைப்பை ஆதரிப்பவர்கள் சொல்வது சரியே. ஆனாலும் வளர்ச்சியை நம்பியே கட்டிய ஒரு அமைப்பு சுருங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம், அந்த வகையில் இது அவர்களுக்கும் ஒரு பாடம்தான்.

அவர்கள் வாதத்தில் நான் முழுசாக ஏற்றுக்கொள்ளும் ஒரு பகுதி உண்டு. உற்பத்தித் திறன் வருஷம் 2 சதவீதம் கூடினால் 35 வருஷத்தில் இன்று செய்யும் அதே வேலையைப் பாதி உழைப்பில் முடித்துவிடலாம். அப்போது மூன்றே வழிகள்: இரண்டு மடங்கு பொருள் செய்வது, பாதிப்பேரை வேலையை விட்டு அனுப்புவது, அல்லது எல்லோருக்கும் வேலை நேரத்தைக் குறைப்பது. முதலாவதைச் செய்யாவிட்டால் இரண்டாவதுதான் என்று பயந்தே அரசியல்வாதிகள் வளர்ச்சி, வளர்ச்சி என்கிறார்கள். மூன்றாவதை யாரும் பெரிதாகத் தொடுவதில்லை. ஐஸ்லாந்து தொட்டுப் பார்த்தது. 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 அரசு ஊழியர்களுக்கு வார வேலையை 40 மணியிலிருந்து 35, 36 மணியாகக் குறைத்தார்கள், சம்பளத்தில் கை வைக்கவில்லை. கூட்டங்களைச் சுருக்கினார்கள், ஷிப்டுகளை மாற்றி அமைத்தார்கள், பெரும்பாலான இடங்களில் வேலை கெடவில்லை. பிறகு தொழிற்சங்கங்கள் அதை ஒப்பந்தங்களில் எழுதி வாங்கின. மருத்துவமனை மாதிரி இடங்களில் கூட்டத்தைச் சுருக்கிச் சமாளிக்க முடியாது, அங்கே ஆள் கூடுதலாக எடுக்க வேண்டியிருந்தது, அதற்கு அரசு பணம் போட்டது. இலவசமாக வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் முழு நிகழ்ச்சிநிரலாக இதை வைத்துத் தேர்தலில் நின்றால்? ‘குறைப்பு’ என்று தொடங்கும் ஒரு திட்டத்துக்கு, ஏற்கனவே மாசக் கடைசியில் திண்டாடும் ஒருவர் எதற்காக ஓட்டுப் போட வேண்டும்? எதைக் குறைப்பது, யாருக்குக் குறைப்பது என்ற முடிவு மேலே உட்கார்ந்திருக்கும் நிபுணர் குழுவிடம் போய்ச் சேரும் அபாயமும் உண்டு. ஏழை நாடுகளுக்கு இது பொருந்தாது என்று அதன் ஆதரவாளர்களே சொல்கிறார்கள்.

நாலாவது வழியில்தான் எனக்குச் சாய்வு, அதனால் அதைக் கொஞ்சம் கடுமையாகவே பார்க்கிறேன். நல்வாழ்வு என்றால் எல்லோரும் காட்டுவது பூட்டான். 2008-ல் வந்த அதன் அரசியல் சாசனம், நாட்டின் 60 சதவீத நிலமாவது எக்காலமும் காடாக இருக்க வேண்டும் என்கிறது, மொத்த தேசிய மகிழ்ச்சியை வளர்ப்பதை அரசின் கடமையாக எழுதியிருக்கிறது. காடு விஷயத்தில் சொன்னதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் இதே கொள்கையைப் பேசிக்கொண்டிருந்த 1990-களில் நேபாளி பேசும் மக்கள் சுமார் ஒரு லட்சம் பேர் அங்கிருந்து விரட்டப்பட்டு நேபாளத்தின் முகாம்களில் வருஷக்கணக்கில் கிடந்தார்கள். எண்ணும்போது யாரை விட்டுவிட்டார்கள் என்று கேட்காமல் எந்த மகிழ்ச்சிக் குறியீட்டையும் நான் நம்பமாட்டேன். இப்போது அந்நாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், வேலையும் வருமானமும் தேடி. அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகா இதைவிட நல்ல சாட்சி. தலைக்கு வருமானம் அமெரிக்காவினுடையதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, சராசரி ஆயுளோ அமெரிக்காவுக்குச் சமமாக நிற்கிறது. எப்படி என்று பார்த்தால் மாயம் ஒன்றும் இல்லை. 1948-ல் ராணுவத்தைக் கலைத்தார்கள். 1990-களில் நாலைந்தாயிரம் பேருக்கு ஒன்று என்று ஆரம்ப சுகாதாரக் குழுக்களை அமைத்தார்கள்: ஒரு டாக்டர், ஒரு செவிலியர், வீடு வீடாகப் போய் யாருக்கு இரத்த அழுத்தம், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி என்று குறித்துக்கொண்டு வரும் ஒரு பணியாளர். 1996-ல் இயற்கைக் காட்டை அழித்து வேறு உபயோகத்துக்கு மாற்றுவதைத் தடைசெய்தார்கள், எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்துக் காட்டைக் காப்பாற்றி வைத்திருக்கும் நில உரிமையாளர்களுக்குக் கொடுத்தார்கள். 1980-களில் மோசமாகச் சுருங்கியிருந்த காடு மறுபடி நாட்டில் பாதிக்கு மேல் பரவியிருக்கிறது. (அன்னாசித் தோட்டங்களில் கொட்டும் பூச்சிக்கொல்லியைப் பற்றிச் சுற்றுலா விளம்பரங்கள் பேசாது.) ஆயுளைக் கூட்டுவது வருமானத்தின் அளவைவிட, அது எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இப்படிப்பட்ட ஏற்பாடு வளர்ச்சி நின்றால் தள்ளாடும், ஆனால் கிரேக்கம் மாதிரி நொறுங்காது; வீடு வீடாகப் போகும் அந்தப் பணியாளரின் சம்பளம்தான் அங்கே கடைசியாக வெட்ட வேண்டிய செலவு.

அரசு எந்திரத்துக்குள் இதை எப்படி நுழைப்பது என்பதற்கு உதாரணம், பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ். 2015-ல் எதிர்காலத் தலைமுறைகளின் நல்வாழ்வுக்கென்று ஒரு சட்டம் இயற்றி, அரசுத் துறைகள் தங்கள் முடிவுகளின் நீண்டகால விளைவைப் பார்த்தாக வேண்டும் என்றார்கள், கேள்வி கேட்க ஒரு ஆணையரையும் நியமித்தார்கள். சட்டத்துக்குப் பரீட்சை வந்தது ஒரு நெடுஞ்சாலையில். நியூபோர்ட் நகரத்தைச் சுற்றிச் சுமார் 22 கிலோமீட்டருக்கு எம்4 சாலைக்கு ஒரு மாற்றுப்பாதை, செலவு 100 கோடி பவுண்டுக்கும் மேல், வழியில் பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலங்கள். தொழில்துறை கேட்டது, நீண்ட பொது விசாரணை நடத்திய அதிகாரியும் போடலாம் என்றே பரிந்துரைத்தார். ஆணையர் எதிர்த்தார். 2019 ஜூனில் முதல்வர் மார்க் டிரேக்ஃபோர்ட் திட்டத்தை நிராகரித்தார், செலவு ஒரு காரணம், பணம் இருந்திருந்தாலும் சதுப்பு நிலத்தின் சேதத்துக்கே கூடுதல் எடை கொடுத்திருப்பேன் என்றார். ஆணையருக்குத் தடுக்கும் அதிகாரம் எதுவும் கிடையாது. கேட்கலாம், எழுதலாம், அவ்வளவுதான். ஆனால் கேள்வி சட்டத்தில் இருந்ததால் பதிலையும் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. அந்தச் சாலையின் நெரிசல் மட்டும் தீரவில்லை, அதில் தினமும் மாட்டிக்கொள்பவர்களிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

இந்த நாலு வழிகளுமே பெரும்பாலும் அரசாங்கத்தைப் பார்த்துப் பேசுகின்றன. சொத்து யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி ஓரமாகப் போய்விடுகிறது. சுவிட்சர்லாந்தில் தோர்பெல் என்ற மலைக்கிராமத்தில் 1517-ல் எழுதிய ஒரு விதி: குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ அதற்கு மேல் ஒருவரும் பொது மேய்ச்சல் நிலத்துக்கு மாடு அனுப்பக் கூடாது. எண்ணுவது சுலபம், ஏமாற்றினால் அண்டை வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும், அபராதமும் உண்டு. பொதுவளத்தை ஜனங்களே பேசி நிர்வகிக்க முடியும் என்று காட்டி 2009-ல் நோபல் வாங்கிய எலினார் ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டிய உதாரணங்களில் இதுவும் ஒன்று. அதே கிராமம், வெளியார் நிலம் வாங்கினாலும் பொது மேய்ச்சலில் உரிமை கிடையாது என்றும் எழுதி வைத்திருந்தது. சமூகம் என்பது எப்போதும் இனிப்பான சங்கதி இல்லை.

நவீனமாக வேண்டுமென்றால் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956-ல் தொடங்கிய மோண்ட்ரகான். ஒரு பாதிரியாரின் மாணவர்கள் சிலர் ஆரம்பித்தது, இன்று சுமார் 70,000 பேர் வேலை செய்யும் கூட்டுறவுகளின் கூட்டமைப்பு. உச்சச் சம்பளம் அடிமட்டச் சம்பளத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்குக்குள் நிற்கிறது. 2013-ல் அதன் வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் திவாலானது. வேறெங்காவது என்றால் எல்லோரும் தெருவில்தான், இங்கே உறுப்பினர்களில் பெரும்பாலோரை மற்ற கூட்டுறவுகளுக்கு மாற்றியோ முன்கூட்டியே ஓய்வு கொடுத்தோ சமாளித்தார்கள். வெளிநாட்டுக் கிளைகளில் வேலை செய்பவர்களை அநேகமாக உறுப்பினர்களாகச் சேர்ப்பதில்லை என்பது அதன் பெரிய குறை. இருந்தும், ஐந்து வருஷம் வளர்ச்சி இல்லை என்றால் எது உடையும் என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரையில் வந்ததிலேயே தெம்பான பதில் இங்கேதான் இருக்கிறது: லாபம் குறையும், சம்பளம் கொஞ்சம் குறையும், வேலை போகாது.

ஆக, என் தேர்வு ஒரே வழி இல்லை, ஆனால் நாலையும் கலந்து குலுக்குவதும் இல்லை. ஏழை நாடாக இருந்தால் வளர்ச்சி வேண்டும், கோஸ்டா ரிகா மாதிரி அது போய்ச் சேரும் இடத்தை முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டு. பணக்கார நாடாக இருந்தால் உற்பத்தித் திறனின் பலனைச் சம்பளத்துக்குப் பதில் நேரமாகக் கொடுக்க ஆரம்பிக்கலாம். வளர்ச்சிக் குறைப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அதைத்தான், பெயரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பசுமை வளர்ச்சியிலிருந்து மின்சாரத்தையும் போக்குவரத்தையும் எடுத்துக்கொள்ளலாம், அது தரும் நிம்மதியை எடுத்துக்கொள்ளக் கூடாது. நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ இருப்பவர்கள் நாட்டின் கொள்கை மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. யாரிடம் கொள்முதல் செய்வது, காலி நிலத்தை விற்பதா குத்தகைக்கு விடுவதா, குடிநீரை யார் நடத்துவது என்பதெல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

ஒன்றே ஒன்றை முதலில் செய்யலாம் என்றால், புதிய குறியீட்டை உருவாக்கப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பேன். குறியீடுகள் நிறைய ஆகிவிட்டன, யாரும் அவற்றுக்காக ஒரு திட்டத்தைக் கைவிட்டதில்லை. வேல்ஸ் மாதிரி ஒரு சட்டம் போடலாம், கூடவே அவர்கள் ஆணையருக்குக் கொடுக்காத ஒன்றையும் சேர்த்து: பெரிய செலவு எதுவாக இருந்தாலும், வளர்ச்சி பூஜ்யமானால் இதன் கடனை யார் கட்டுவார் என்ற பதிலை எழுத்தில் வாங்கும்வரை கையெழுத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம்.